படலைக்கு வெளியே நிற்கும் மகளுக்கு

திருகோணமலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகள் சுபாவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்துக்குக் கோணேசர் துணை. இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மத்தியானத்தில் முற்றத்து மணலில் கால் வைக்க முடியவில்லை. நேற்று இரண்டு மான்கள் வேலியோரம் வந்து நான் நட்ட பயற்றங்கொடியை வேரோடு தின்றுவிட்டுப் போயின. அப்பா மான்களின் கட்சி.

போன கிழமை போனில் ஊர்க்கதை எல்லாம் கேட்டு முடித்து, வைக்கப்போகிற நேரத்தில்தான் அதைச் சொன்னாய். ஆறு வருடம் வார்ட்டில் நின்றாய். மூச்சு முட்ட வந்தவர் நான்காம் நாள் நடந்து போவதைக் கண்ணால் கண்டாய். இப்போது லிவர்பூலில் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் தாதி வேலை படிக்கிறாய், வீடு வீடாக மணியடிக்கிறாய். ஒருத்தி கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே, பிள்ளை தூங்குகிறது என்று சொல்லி உன்னை அனுப்பிவிட்டாள். "அம்மா, இதுவும் தாதி வேலையா?" என்று கேட்டாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. போனில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்பாய். எழுதினால் இரண்டாம் முறையும் வாசிப்பாய் என்று நினைத்தேன்.

நீ அனுப்பிய பாடக் குறிப்புகளைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து வைத்திருக்கிறேன். ஊர் மருத்துவமாதாக நான் முப்பத்தைந்து வருடம் செய்த வேலைக்கு இத்தனை பெயர்கள் இருப்பது எனக்கு இப்போதுதான் தெரியும். அதில் எனக்குப் பிடித்த ஆள் மேரி ரொபின்சன். நீ இருக்கிற அதே லிவர்பூல். வில்லியம் ராத்போன் என்ற வணிகரின் மனைவி சாகக் கிடந்தபோது வீட்டில் நின்று பார்த்தவள். மனைவி போன பிறகு, 1859இல், ராத்போன் அவளை அழைத்து, மூன்று மாதச் சம்பளம் நான் தருகிறேன், ஏழைகளின் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார் என்றார். ஒரு மாதம் போனாள். திரும்பி வந்து, என்னால் அந்த வீடுகளைப் பார்க்க முடியவில்லை, விட்டுவிடுங்கள் என்று அழுதாள். பேசிப் பேசித்தான் அவளை மறுபடி அனுப்பினார். மூன்று மாதம் முடிந்தபோது பழைய வேலைக்குப் போக மனமில்லை என்று அவளே சொல்லிவிட்டாள். பிறகு நைட்டிங்கேல் அம்மையாரின் யோசனையைக் கேட்டு, தாதியரைப் பழக்க ஒரு பள்ளி கட்டி, நகரத்தைப் பதினெட்டு வட்டாரமாகப் பிரித்து வட்டாரத்துக்கு ஒருத்தியை விட்டார்கள். உன் படிப்பின் அடித்தளம் என்று அவர்கள் காட்டுவது அந்தப் பள்ளியை. எனக்கு என்னவோ அந்த முதல் மாதத்துக் கண்ணீர்தான் கண்ணில் நிற்கிறது. நீ போய் எத்தனை மாதம்? ஐந்து வாரம். கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

அதே ஊரில் அவளுக்கும் முன்னால் கிற்றி வில்கின்சன் என்று ஒருத்தி இருந்திருக்கிறாள். தாதியும் அல்ல, சீமாட்டியும் அல்ல. உடுப்புத் தோய்த்துப் பிழைத்தவள். 1832இல் வாந்திபேதி வந்தபோது தெருவில் அவள் வீட்டில் மட்டும்தான் பெரிய கொதிகலம் இருந்ததாம். அக்கம்பக்கத்தாரின் படுக்கைத் துணிகளை எல்லாம் அதில் போட்டு அவிக்க விட்டாள். கிருமியால்தான் நோய் வருகிறது என்று எவரும் நிரூபிக்காத காலம். பத்து வருடம் கழித்து, 1842இல், நகரசபை அதைப் பார்த்துப் பொதுச் சலவையகம் கட்டியது. 1847இல் டொக்டர் டங்கனை நகரத்தின் சுகாதார அதிகாரியாக வைத்தார்கள். இங்கிலாந்திலேயே அவர்தான் முதல் ஆள். நம் ஊரில் எம்.ஓ.எச். ஐயா என்கிறோமே, அந்தக் கதிரையின் மூத்த கதிரை அது. மேரி ரொபின்சன் வந்தது அதற்கும் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு. வரிசையைப் பார்: கொதிகலம் முதலில், அதிகாரி அடுத்து, தாதி கடைசி. இதை உன் ஆசிரியரிடம் சொல்லிப் பார். ஒத்துக்கொள்வாரோ தெரியாது.

நம் நாட்டில் எல்லாரும் ஒரே வண்டியில் வந்து இறங்கினோம். 1926இல் களுத்துறையில் ரொக்பெல்லர் நிதியத்தின் உதவியோடு முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியபோதே, ஒரு குறித்த இடம், அந்த இடத்துச் சனத்துக்கு ஒரு வைத்தியர், சுகாதாரப் பரிசோதகர், தாதி, மருத்துவமாது என்று வைத்துவிட்டார்கள். வருத்தம் வந்தவர் மட்டும் அல்ல, எல்லைக்குள் மூச்சு விடுகிற எல்லாரும் உன் பொறுப்பு. என் கையில் கொடுத்ததும் அப்படித்தான். மூவாயிரம் பேர் அளவில், ஒரு பதிவேடு, ஒரு தொங்கு தராசு, ஒரு பை. கலியாணம் கட்டிய பிள்ளைகளின் பெயர் முதல் நாளே பதிவேட்டில் ஏறிவிடும். அவள் வயிற்றில் ஒன்றும் வருவதற்கு முன்னமே நான் அவள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்திருப்பேன்.

இனிச் சங்கிலிக்கு வருகிறேன்.

நீ படிக்கிற அந்த வீடு செல்லும் வேலை 1862இல் மான்செஸ்டர், சல்பர்ட் பக்கத்துச் சீமாட்டிகள் கூடித் தொடங்கியது என்று குறிப்பில் இருக்கிறது. ஏழைப் பெண்களுக்குச் சுத்தம் சொல்லிக் கொடுக்க ஆள் அனுப்பினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனாலும் யோசித்துப் பார். உன் வீட்டுக்கு ஒருத்தி வருகிறாள். நீ அவளைக் கூப்பிடவில்லை. உன் அடுப்படியைப் பார்க்கிறாள், பாயைப் பார்க்கிறாள், எழுதிக்கொண்டு போகிறாள். அந்தச் சங்கிலியை உன் முகத்தைப் பார்த்து அந்தத் தாய் போடவில்லை. உனக்கு முன்னால் வந்தவர்களுக்காகப் போட்டது அது. பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் அங்குள்ள தாய்மாருக்கு உண்டு என்று நீயேதான் சொன்னாய்.

நானும் ஒருமுறை அப்படி ஒரு சங்கிலியைப் போட வைத்தேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

2003. சமாதான காலம். மூதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் எனக்கு வேலை. நீ அம்மம்மாவோடு இங்கே. நான் திங்கட்கிழமை லோஞ்சில் போய் வெள்ளிக்கிழமை வருவேன், நினைவிருக்கிறதா? மாமரக் கிளையில் தராசைக் கட்டிப் பிள்ளைகளை நிறுப்போம். ஒரு தாய் மூன்று மாதமாக வரவில்லை. நான்காம் மாதம் வந்தாள். ஒன்றரை வயதுப் பெண் பிள்ளை. நிறை அட்டையில் கோடு படுத்துக் கிடந்தது, ஏறவேயில்லை. மாதம் இரண்டு பைக்கற்று திரிபோஷா சத்துமா வாங்குகிறாய், யாருக்குக் கொடுக்கிறாய் என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டேன். கேட்ட குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவள் ஒன்றும் பேசவில்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். பிறகு வரவேயில்லை. நான் பதிவேட்டில் "ஆலோசனையைப் பின்பற்றுவதில்லை" என்று எழுதினேன். எவ்வளவு வசதியான வசனம் பார்.

வீட்டுக்குப் போனேன். படலை கட்டிக் கிடந்தது. உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை பதிவேட்டையும் பையையும் குவாட்டர்ஸில் வைத்துவிட்டு, பின்னேரம், வெறுங்கையோடு போனேன். அவளுடைய மாமியாருக்குக் காலில் புண் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள். ஆச்சியைப் பார்க்க வந்தேன் என்றேன். படலை திறந்தது. ஆச்சியின் காலைக் கழுவிக் கட்டினேன். அடுப்படியில் அவள் திரிபோஷாவைச் சீனி போட்டுப் பிசைந்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்து, ஆச்சிக்கு ஒன்று. எல்லாம் ஒரே அளவு. ஆறும் அடுக்கியாயிற்று, அவளுக்கு இல்லை.

உன் குறிப்பில் "சமூகமே நோயாளி" என்று ஒரு பாடம் இருக்கிறதே, அது எனக்கு விளங்கியது அந்த அடுப்படியில்தான். ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடு, மற்ற நான்கும் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று எந்தத் தாயிடம் போய்ச் சொல்வது? அரைத்த சோளமும் சோயாவும் பால்மாவும் கலந்த அந்த மாவில் பிழை இல்லை. கொடுத்த கணக்கில்தான் பிழை. புருஷன் கடலுக்குப் போய் மாதக் கணக்கில் வரவில்லை. கிளினிக் நடக்கும் செவ்வாய்க்கிழமை அவள் வயலுக்குக் கூலிக்குப் போகிற நாள். "மூன்று மாதமாக வரவில்லை" என்று நான் எழுதியது அவளுடைய மூன்று நாட் சம்பளம்.

பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. கிளினிக்கை வேறு நாளுக்கு மாற்றச் சொல்லி எழுதி எழுதி மாற்றினோம். கிராம சேவகரிடம் நானே கூட்டிப் போய் நிவாரண அட்டைக்குப் பெயர் கொடுத்தேன். பசளியும் வல்லாரையும் கொண்டுபோய் அவள் கிணற்றடியில் நட்டேன். அடுத்த வருடம் கோடு கொஞ்சம் நிமிர்ந்தது. 2006இல் சண்டை வந்து மூதூர் கிழக்குச் சனம் எல்லாம் இடம்பெயர்ந்தது. அந்தப் பிள்ளையின் கோடு என் பதிவேட்டில் அந்த மாதத்தோடு நிற்கிறது. ஆச்சியின் பெயர் எனக்கு மறந்துவிட்டது. உருண்டைகளின் அளவு மறக்கவில்லை.

நைட்டிங்கேல் என்றால் எல்லாரும் விளக்கைத்தான் சொல்வார்கள். எனக்கு அவருடைய கணக்குத்தான் பெரிது. கிரிமியப் போரில் காயத்தால் செத்த சிப்பாய்களைவிட, தடுக்கக்கூடிய நோயால் செத்தவர்களே அதிகம் என்பதை எண்ணி, 1858இல் வண்ணப் படமாக வரைந்து அதிகாரிகளின் முகத்துக்கு நேரே நீட்டியவர் அவர். விளக்குப் பிடித்ததற்காக எவரும் சாக்கடையைத் திருத்தியிருக்க மாட்டார்கள். ஆகவே படிவம் நிரப்புவதில் சலித்துக்கொள்ளாதே. நானும் மாதக் கடைசி என்றால் எரிந்துவிழுவேன், அப்பாவைக் கேட்டுப் பார். ஆனால் எழுதும்போது என் அந்த வசனத்தை நினைத்துக்கொள். "வரவில்லை" என்று எழுதினால் பக்கத்தில் "ஏன்" என்பதற்கும் ஒரு வரி விடு.

அமெரிக்கத் தாதி லிலியன் வோல்ட் பற்றி ஒன்று. 1893இல், நியூயார்க்கில் அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்த இடத்துக்கு ஒரு சிறுமி ஓடிவந்து, பிரசவித்துக் கிடந்த தாயிடம் கூட்டிப்போனாள். அதன்பின் அவர் அந்தச் சனத்துக்கு நடுவிலேயே வீடு எடுத்துக் குடியிருந்தார். "பொதுச் சுகாதாரத் தாதி" என்ற பெயரை வைத்தவரும் அவரே. குடியிருப்பது என்பது சும்மா இல்லை, சுபா. கடையில் உன் பின்னால் வரிசையில் நிற்பவள் ஒருநாள் உனக்குக் கதவு திறப்பாள்.

2017 மார்ச் உனக்கு நினைவிருக்கும். கிண்ணியாவில் டெங்கு. அந்த வருடம் நாடு முழுக்க ஒரு லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் வந்தது. அப்போது நான் கிண்ணியாவில். வீட்டு ஆண்கள் பலர் மத்திய கிழக்கில். பரிசோதகர் தம்பிமார் வாசலில் நின்று கூப்பிட்டால் பெண்கள் உள்ளே விடத் தயங்குவார்கள். எங்களை விட்டார்கள். "மிஸ்ஸி, உள்ளுக்கு வாங்க" என்றார்கள். ஏன் விட்டார்கள்? நான் டெங்கு பற்றிப் பெரிதாகப் பேசினேன் என்றா? அந்த வீட்டுப் பிள்ளையைப் பிறந்து பத்து நாளுக்குள் இரண்டு தரம் வந்து பார்த்தவள் என்று. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டில், எவரும் திரும்பிப் பார்க்காத அந்தத் தண்ணீரில், புழு நெளிந்தது. அது படுக்கையறைக்குப் பக்கத்தில். வாசலில் நிற்கிறவருக்குத் தெரியுமா? காய்ச்சல் விட்ட நாளில்தான் ஆபத்து, அன்றைக்கு அசட்டையாக இருக்காதீர்கள், பரசிட்டமோல் தவிர வேறு வலிக் குளிசை கொடுக்காதீர்கள் என்று அந்த வீட்டு உம்மாவிடம் அடுப்படியில் குந்தியிருந்து சொன்னேன். வராமல் தடுப்பது, வந்ததை வேளைக்குப் பிடிப்பது, வந்த பிறகு கேடு மிஞ்சாமல் பார்ப்பது என்று உன் குறிப்பில் மூன்று படியாக இருக்கிறது. அந்த அடுப்படியில் மூன்றையும் ஒரு தேநீர் ஆறுவதற்குள் செய்தேன். போகிற வீடெல்லாம் நான் குடித்துவிட்டு வருகிறேன் என்று நீ அலுத்துக்கொண்ட அதே தேநீர்தான்.

தடுத்ததை ஒருவரும் எண்ண மாட்டார்கள் என்றாய். உண்மை. நான் வேலைக்கு வந்த காலத்தில் தம்பலகாமத்தில் காய்ச்சல் என்றால் முதலில் மலேரியாவுக்கு இரத்தம் எடுப்போம். இந்த நாட்டுக்கே உரிய மலேரியாவைக் கடைசியாகக் கண்டது 2012 ஒக்டோபரில்; 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றும் கொடுத்தது. இப்போது வந்திருக்கிற சின்ன மிஸ்ஸிமாருக்கு மலேரியா ஒரு பரீட்சைக் கேள்வி. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துவிடாதே. மூவாயிரம் பேருக்குப் புத்தி சொன்னவள் வீட்டில் ஒருவர் சீனி வருத்தத்தோடு இரண்டு கரண்டி சீனி போட்டுத் தேநீர் குடிக்கிறார். கேட்டால் ஒன்றுதான் என்கிறார். நடக்கப் போங்கள் என்றால் கடற்கரை வரை போய் மணலில் இருந்து கதை பேசிவிட்டு வருகிறார். நீ ஒருமுறை எடுத்துச் சொல். என் சொல்லுக்கு இந்த வீட்டில் சங்கிலி போட்டாயிற்று.

அந்தச் சங்கிலிக்காரியிடம் திரும்பப் போகிற நாள் வியாழன் என்றாய். தராசை வெளியே எடுக்காதே. பையைத் திறக்கவும் வேண்டாம். உள்ளே விட்டால், இருக்கச் சொன்ன இடத்தில் இரு. பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று உனக்கு அட்டையிலேயே தெரியும், அதை விடு. ராத்திரி நித்திரை கொண்டாளா என்று அந்தத் தாயைக் கேள். போய் வந்து எனக்குப் போன் எடு. இங்கே விடிய இரண்டு மணியானாலும் பரவாயில்லை.

கருவாட்டுப் பொதியும் மிளகாய்த்தூளும் அடுத்த கிழமை தபாலில் வருகிறது.

அன்புடன்,
அம்மா