மாப்ள, அந்த அஞ்சு மார்க் எங்கேர்ந்து வந்துச்சு?

மாப்ள,

நல்லா இருக்கியா. ரெண்டு வாரமா எழுதணும் எழுதணும்னு நெனச்சு இன்னைக்குத்தான் உக்காந்தேன். 2025 ஏப்ரல் வந்தும் இங்க மினியாபொலிஸ்ல குளிர் போகல, பார்க்கிங் ஓரத்துல பனி கறுப்பா அழுக்கா குமிஞ்சு கெடக்கு. அம்மாவுக்கு கண்புரை ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது, இப்ப வீடியோ கால்ல என்னைப் பாத்து “ஏன்டா இவ்ளோ நரைச்சிருச்சு”ன்னு கேக்குறாங்க, இதுக்குத்தான் காசு கட்டுனேனான்னு ஆயிருச்சு. உன் தங்கச்சி நல்லா இருக்கா, நீ அனுப்புன கருவாட்டுக்கு தேங்க்ஸ் சொல்லச் சொன்னா, ஆனா பக்கத்து வீட்டுக்காரங்க இப்ப என்கிட்ட பேசுறதில்ல.

சரி விஷயத்துக்கு வர்றேன். போன மாசம் போன்ல அமெரிக்கன் ஃபுட்பால்ல பந்தைத் தூக்கிப் போடுற குவாட்டர்பேக்குங்களுக்கு மார்க் போட்டீல்ல, தெறமைக்கு பத்து, உழைப்புக்கு பத்து, கூட நிக்கிற ஆளுங்களுக்கு பத்துன்னு. சாம் டார்னால்டுக்கு தெறமை எட்டு, உழைப்பு அஞ்சு, கூட நின்னவங்க உங்க நியூயார்க் ஜெட்ஸ் டீம்ல மூணு, எங்க மினசோட்டா வைக்கிங்ஸ்ல ஒம்போதுன்னு சொன்ன. எட்டு சரி, மூணும் ஒம்போதும்கூட சரி, ஆனா அந்த அஞ்சு எங்கேர்ந்துடா வந்துச்சு? ராத்திரி பன்னெண்டு மணிக்கு அவன் ரூம்ல லைட் எரியுதான்னு எட்டிப் பாத்தியா? போன வச்சதுலேர்ந்து எனக்கு அதுதான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கு.

நான் என்ன நெனைக்கிறேன்னா, உழைப்புங்கிற மார்க்கை நாம எப்பவுமே கடைசியிலதான் போடுறோம். தெறமையை கண்ணால பாக்க முடியுது, கூட இருக்குறவன் யாருன்னு லிஸ்ட் இருக்கு, உழைப்பு மட்டும் நமக்குத் தெரியாது, அதனால ஜெயிச்சவனுக்கு ஒம்போது தோத்தவனுக்கு அஞ்சுன்னு கணக்கு டேலி ஆகுற மாதிரி எழுதிடுறோம். நம்ம காலேஜ் லேப்ல ரீடிங்கை பின்னாடிலேர்ந்து போட்டு ஆன்சர் வரவச்சோமே, அதே வேலைதான்.

2018 டிராஃப்டை எடுத்துக்கோ, அதான் காலேஜ் பசங்களை டீமுங்க ஒவ்வொருத்தரா வரிசையா எடுக்குறது, எத்தனாவது ஆளோ அதுதான் பிக் நம்பர். முதல் ரவுண்டுல அஞ்சு குவாட்டர்பேக். மேஃபீல்ட் ஒண்ணாவது பிக், டார்னால்ட் மூணு, ஜோஷ் ஆலன் ஏழு, ஜோஷ் ரோசன் பத்து, கடைசியா முப்பத்திரெண்டுல லமார் ஜாக்சன். ஒரே வருஷம், அஞ்சு வீட்டுக்கு மருமகனா போன மாதிரி அஞ்சு பேரும் அஞ்சு பக்கம் போனானுங்க. மாமியார் வீடு எப்படின்னு கேக்காம மாப்பிள்ளையை மட்டும் கொற சொல்லிட்டு இருக்கோம்.

ரோசனைப் பாரு. “எனக்கு முன்னாடி ஒம்போது தப்பு பண்ணிட்டாங்க”ன்னு டிராஃப்ட் அன்னைக்கே பேசுனான், வாய்க்கொழுப்புதான், ஒத்துக்குறேன். ஆனா அரிசோனாவுல சீசன் பாதியிலயே ஆஃபென்ஸ் (பந்து கையில இருக்குற பக்கம்) கோச்சைத் தூக்கிட்டாங்க, 3 ஜெயிச்சு 13 தோத்து முடிஞ்சதும் ஹெட் கோச்சையும் தூக்கிட்டாங்க, அடுத்த ஏப்ரல்ல கைலர் மர்ரேயை முதல் ஆளா எடுத்து இவனை மயாமிக்கு வித்துட்டாங்க. ஒரு பிளேபுக், அதான் டீமோட ஆட்டத் திட்டம், மண்டையில ஏறுறதுக்குள்ள அடுத்தது. அப்புறம் ஊர் ஊரா சுத்துனான், அவ்ளோதான். இவன் உழைச்சானா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? லமாரை பந்து பிடிக்கிற ரிசீவரா மாறச் சொன்னவங்க உண்டு, ஆனா பால்டிமோர்ல அவனுக்காக ஆஃபென்ஸையே பிரிச்சு மேஞ்சு கட்டுனாங்க, ரெண்டாவது வருஷமே ஒரு ஓட்டுகூட சிதறாம எம்விபி, அதான் சீசனோட சிறந்த ஆட்டக்காரன் விருது.

ஆலன் கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கலிஃபோர்னியாவுல விவசாயக் குடும்பம், ஸ்கூல் முடிச்சப்ப எவனும் சீண்டல, ஒரு ஜூனியர் காலேஜ்ல ஆடிட்டு ஊர்ல இருக்குற கோச்சுக்கெல்லாம் மெயில் தட்டி கடைசியில வயோமிங்ல எடம் கெடச்சுது. பஃபலோவுக்கு வந்த மொத வருஷம் நூறு பந்து போட்டா 52.8தான் கைக்குப் போச்சு, இவனுக்குக் கை இருக்கு குறி இல்லன்னு நீயே சிரிச்ச, ஞாபகம் இருக்கா? 2020ல அதே ஆளு 69.2. உழைச்சான், அதுல சந்தேகமே இல்ல, த்ரோ பண்ற முறையையே தனியா கோச் வச்சு மாத்துனான். ஆனா அந்த நாலு வருஷமும் அவனுக்கு ஆஃபென்ஸ் கோச் ஒரே ஆளு, டேபோல். 2019ல புது சென்டரு (குவாட்டர்பேக்குக்கு பந்தைப் பின்னாடி குடுக்குறவன்), புது ரிசீவருங்கன்னு கொண்டுவந்தாங்க. 2020ல எங்க ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸ் அங்க போனான். நேத்து தப்பா போட்டதை இன்னைக்கு அதே வாத்தியார்கிட்ட அதே பிளேயில திருத்திக்க எடம் இருந்துச்சு, அதனால உழைப்பு ஒட்டுச்சு. 2024 சீசன்ல டிக்ஸ் இல்லாமலே எம்விபி வாங்கிட்டான், அது வேற விஷயம், அதுக்குள்ள அவன் வளந்துட்டான்.

இதுல ஒரு கூத்து இருக்கு. டிக்ஸை குடுத்து நாங்க வாங்குன 22வது பிக்லதான் ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சனை எடுத்தோம். ஆலனை ஆளாக்குன அதே டிரேடுதான் நாலு வருஷம் கழிச்சு டார்னால்டுக்கும் சோறு போட்டுச்சு.

இப்ப உன் ஆளு டார்னால்ட் கதை. அவனை எடுக்க உங்க ஜெட்ஸ் என்ன குடுத்துச்சு? ஆறாவது பிக்கும் மூணு ரெண்டாவது ரவுண்டு பிக்கும். அந்த ஆறுல இன்டியானாபொலிஸ் யாரை எடுத்தாங்க? க்வென்டன் நெல்சன், லெஃப்ட் கார்டு, மொத வருஷமே ஆல் ப்ரோ, அதான் லீக்குலயே சிறந்தவங்க லிஸ்ட். குவாட்டர்பேக்கை வாங்க அவன் முன்னாடி நிக்கவேண்டிய மனுஷனையே வித்துட்டு வந்திருக்காங்க மாப்ள, வீடு வாங்க கதவையும் ஜன்னலையும் வித்த மாதிரி! 2019 அக்டோபர்ல அந்த மன்டே நைட் மேட்ச், நியூ இங்கிலாந்துகிட்ட 33-0ன்னு தோத்தாங்க, நாலு இன்டர்செப்ஷன் (எதிராளி கைக்குப் போன பந்து), 32 போட்டு 11தான் போச்சு. பெஞ்சுல உக்காந்து “பேய் தெரியுது”ன்னு அவன் சொன்னது மைக்ல மாட்டி நாடே சிரிச்சுது. நீயும் நானும் போன்ல வயிறு வலிக்க சிரிச்சோம். இப்ப நெனச்சா கொஞ்சம் அசிங்கமா இருக்கு.

ஏன்னு சொல்றேன். பையன் ஒம்பதாவது படிக்கிறான்ல, போன ஃபால்ல ஸ்கூல் டீம்ல சேந்தான். குவாட்டர்பேக்கா ஆகப்போறான்னு நான் ஊரெல்லாம் சொல்லி வச்சேன், கோச் அவன் உடம்பைப் பாத்துட்டு நேரா குவாட்டர்பேக்கைக் காக்குற முன்வரிசை லைன்ல கொண்டுபோய் நிறுத்திட்டாரு, ரைட் கார்டு. (உன் தங்கச்சியோட இட்லி பண்ண வேலை.) சீசன் பூரா நான் பந்தைப் பாக்கல மாப்ள, இவனைத்தான் பாத்தேன். அப்பத்தான் பொறி தட்டுச்சு. இவன் கால் வழுக்கி அரை செகண்டு தாமதமானா, பின்னாடி நிக்கிற அந்த ஒல்லிப் பையன் கண்ணு ரிசீவரை விட்டுட்டு வர்றவனைப் பாக்குது. ரெண்டு தடவை அடி வாங்குனப்புறம் யாருமே வராதப்பவும் கீழயே பாக்குது. அவன் முந்தின நாள் படிச்சது, முதல்ல இவனைப் பாரு அப்புறம் அவனைப் பாருன்னு கோச் சொன்னது எல்லாம் காத்துல போயிருது. அதான்டா பேய். ஒரு மேட்ச்ல அந்தப் பையனை அவங்க அப்பா “வீட்டுல பிராக்டீஸ் பண்றியா இல்லையா”ன்னு எல்லார் முன்னாடியும் கத்துனாரு, தப்பு விட்டது என் புள்ள. நான் வாயைத் தெறக்கல, கார்ல வரும்போது இவன்தான் “அப்பா, அது நான் விட்டது”ன்னான்.

பெரியவங்க மேட்ச்ல அது இன்னும் கொடூரம். ஹெல்மெட்டுக்குள்ள கோச் பேசுற ரேடியோ அடுத்த பிளேயை ஆரம்பிக்க பதினஞ்சு செகண்டு மிச்சம் இருக்கும்போதே கட் ஆயிரும், அதுக்கப்புறம் தனியாதான். பந்து கைக்கு வந்து மூணு செகண்டு நின்னா பெரிய விஷயம். அந்த மூணு செகண்டை வாங்கிக் குடுக்குறது அஞ்சு குண்டனுங்க, எவனுக்கும் பேரு தெரியாது.

நீ நியூ இங்கிலாந்து குவாட்டர்பேக் டாம் பிரேடியை இழுப்பேன்னு தெரியும். 199வது பிக், நாப்பது கெஜம் ஓட 5.28 செகண்டு, தெறமை இல்லாம உழைப்பாலயே வந்தவன்னு. அவனுக்கு உழைப்பு பத்துன்னா நானும் கையெழுத்து போடுறேன். ஆனா ஸ்டாப்வாட்ச்ல மாட்டாத தெறமைன்னு ஒண்ணு இருக்குல்ல, கூட்டத்துக்கு நடுவுல எவன் எங்க இருக்கான்னு கலங்காம பாக்குறது, அது அவன்கிட்ட எக்கச்சக்கமா இருந்துச்சு, கோட்டுல ஓடவிட்டுப் பாத்தா எப்படித் தெரியும்? 2008ல அவன் முட்டி போனப்ப மேட் கேசல் அதே டீமை வச்சு 11 ஜெயிச்சு 5 தோத்தான், அப்ப எல்லாம் கோச் பெலிசெக் வேலைன்னாங்க. 2020ல இவன் டாம்பா போய் கப்பு வாங்குனான், பழைய டீம்ல பெலிசெக் 7 ஜெயிச்சு 9 தோத்தாரு, அப்ப எல்லாம் பிரேடி வேலைன்னாங்க. நமக்கு எப்பவும் ஒரே ஆளு வேணும்.

கூட நிக்கிறவங்க மட்டுமே தூக்கிட்டுப் போன கதையும் உண்டு, மறைக்கல. குவாட்டர்பேக் பெய்டன் மானிங் கடைசி வருஷம் 9 டச்டவுன் (பாயின்ட் வாங்கித் தர்ற பாஸ்), 17 இன்டர்செப்ஷன், கை சுத்தமா போச்சு, டென்வர் டிஃபென்ஸ் கப்பை வாங்கிக் குடுத்து அனுப்பி வச்சுது. அவங்க அப்பா ஆர்ச்சியும் குவாட்டர்பேக்தான், நியூ ஆர்லியன்ஸ்ல பத்து வருஷத்துக்கு மேல கெடந்தாரு, ஒரு வருஷம்கூட தோல்வியைவிட வெற்றி அதிகம்னு முடிஞ்சதில்ல. மார்க் போட்டா அப்பாவுக்கு உழைப்பு எவ்ளோ போடுவ?

டார்னால்டுக்கு நான் வக்கீல் இல்ல. 2024 சீசன்ல எங்களுக்கு 14 ஜெயிச்சு 3 தோல்வி, 35 டச்டவுன், வருஷத்துக்கு ஒரு கோடி டாலர் குடுத்து பிடிச்ச ஆளு, ஸ்டேடியத்துல கொம்பு ஊதும்போது எங்களுக்கெல்லாம் கண்ணு கலங்குச்சு. அப்புறம் கடைசி வாரம் டெட்ராய்ட்ல கோட்டுக்குப் பக்கத்துல வச்சு வச்சு மிஸ் பண்ணான், 41 போட்டு 18தான் போச்சு. அடுத்த வாரம் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ்கிட்ட 27-9ன்னு தோல்வி, ஒம்போது சாக், அதான் பந்தைப் போடுறதுக்குள்ள அமுக்கிப் போடுறது. காட்டுத்தீனால அந்த மேட்சை அரிசோனாவுக்கு மாத்துனாங்க, எங்க வேணா மாத்தட்டும் எங்க தலையெழுத்து மாறுமா. லைன்ல ஓரத்துல நிக்கிற லெஃப்ட் டேக்கிள் டாரிசா அக்டோபர்லயே முட்டி போய் படுத்துட்டான், லைன் சல்லடை, அது நிஜம். ஆனா அந்த ஒம்போதுல பாதிக்காவது அவன்தான் காரணம், பந்தைத் தூக்கி வெளிய போடாம கட்டிப்பிடிச்சுட்டு நின்னான். அதே கோச், அதே ஜெஃபர்சன், ஆனா பழைய பேய் திரும்பி வந்துருச்சு. ஆக அவனுக்கு தெறமையில ஒரு மார்க்கைக் கொறைக்கணும்னா கொறை, ஏழு போடு, நான் சண்டைக்கு வரமாட்டேன். சோம்பேறின்னு மட்டும் எழுதாத.

வயித்தெரிச்சல் என்னன்னா, மார்ச்ல அவனை அனுப்பிட்டு அந்தப் பக்கமே ஒரு புது சென்டரு ஒரு புது கார்டுன்னு லைனுக்குக் காசைக் கொட்டுனாங்க. அடுத்து வர்ற சின்னப் பையன், குவாட்டர்பேக் மெக்கார்த்திக்காம். அவன் நல்லா ஆடுனா, பாரு, எவ்ளோ உழைக்கிறான்னு டிவில பேசுவானுங்க, எழுதி வச்சுக்கோ. டார்னால்டு சியாட்டில் போயிட்டான், மூணு வருஷத்துக்கு பத்து கோடி டாலர். அங்க அவனுக்கு முன்னாடி இருந்தவன் யாரு? ஜீனோ ஸ்மித், அதுவும் உங்க ஜெட்ஸ் கைகழுவுன சரக்கு, வருஷக்கணக்கா பெஞ்சுல உக்காந்துட்டு 2022ல எந்திரிச்சு வந்து எல்லார் வாயையும் அடைச்சான். உங்க ஊர்லேர்ந்து தப்பிச்சவங்களுக்கு அது ஏதோ அகதி முகாம் போல.

டார்னால்டு சியாட்டில்ல தேறுவானான்னு பந்தயம் கட்ட நான் ரெடி, ஆனா இப்ப கட்டமாட்டேன். சியாட்டில் இந்த டிராஃப்ட்ல கார்டு எடுக்குறாங்களான்னு பாத்துட்டுத்தான். டிராஃப்ட் இந்தத் தடவை க்ரீன் பேல, எங்களுக்கு கார்ல நாலரை மணி நேரம். பையன் போயே ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான், லைன்மேன் பேரு கூப்பிடும்போது கைதட்டணுமாம், வேற எவனும் தட்டமாட்டானாம். எங்க பர்ப்பிள் ஜெர்சியைப் போட்டுக்கிட்டு எங்க எதிரி டீம் பேக்கர்ஸ் ஊருக்குள்ள போறதா வேண்டாமான்னு வீட்ல ரெண்டு நாளா பஞ்சாயத்து ஓடுது. ஒதை வாங்காம திரும்பி வந்தா எழுதுறேன்.

தங்கச்சிய கேட்டதா சொல்லு. கருவாடு இனிமே அனுப்பாத, இல்ல ரெண்டு கவர் போட்டு அனுப்பு.

உன் பழைய ரூம்மேட்