2025-ஆம் ஆண்டு செயலாளர் அறிக்கை: ரெயூனியோன் தீவை வலம் வரும் சைக்கிள் பயணம்

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர் எல்லாருக்கும் வணக்கம்.

போன வருடம் நான் அறிக்கை வாசித்தபோது பின்வரிசையில் இரண்டு பேர் தூங்கிவிட்டதாகப் புகார் வந்தது. ஆகையால் வழக்கமான விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, நீங்கள் கேட்கக் காத்திருக்கும் சைக்கிள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

பொங்கல் நன்றாக நடந்தது. பிப்ரவரி 28 அன்று கராஞ்சு புயல் வந்ததில் நம் கூடத்தின் ஓரத்து ஓடுகள் போயின. தமிழ் வகுப்புப் புத்தகங்கள் நனைந்து, வெயிலில் காயவைத்த பிறகும் அப்பளம் மாதிரி வளைந்தே இருக்கின்றன. மார்ச், ஏப்ரலில் சிக்குன்குன்யா. நிர்வாகக் குழுவிலேயே நாலு பேர் முட்டி பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். வகுப்புகள் மே மாதம்தான் மறுபடி தொடங்கின. தீபாவளிக்கு வழக்கம்போல் சேன் தாந்திரே போனோம். கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதில் நான் தலையிடப் போவதில்லை.

சரி, சைக்கிள்.

இந்தியப் பெருங்கடலில், பிரான்சைச் சேர்ந்த நம் ரெயூனியோன் தீவைக் கடலோரமாகவே ஒரு முழுச் சுற்று சுற்றி வருவது, மூன்று நாளில், சுமார் 210 கிலோமீட்டர். இந்த யோசனை ஜூன் மாதக் குழுக் கூட்டத்தில் வந்தது. யார் சொன்னது என்று இன்றுவரை தகராறு. மினிட் புத்தகத்தில் 'ஓர் உறுப்பினர்' என்றுதான் எழுதியிருக்கிறேன். அப்படியே இருக்கட்டும்.

முதலில் எந்த மாதம் என்று பார்த்தோம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம், அது கூடாது. ஜூலையிலிருந்து டிசம்பர் வரை கரும்பு வெட்டு. புவா ரூஜ் ஆலைக்கும் லெ கோல் ஆலைக்கும் போகும் கரும்பு லாரிகளை ஊரில் 'கஷலோ', அதாவது திமிங்கிலம் என்று சொல்வது சும்மா இல்லை. அது பக்கத்தில் போகும்போது சைக்கிளே ஒரு பக்கம் இழுக்கும். வெட்டுக் காலத்தில் சாலையில் சிந்திக் கிடக்கும் சோகை மழையில் நனைந்தால் வழுக்கும். மிச்சம் மே, ஜூன். அதில் பெந்தகோஸ்து திங்கள் விடுமுறை சேர்ந்து வரும் 2026 மே 23, 24, 25 என்று முடிவு செய்தோம்.

அடுத்தது எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பது. ஆறு மாதத்தில் நாம் பேசியதில் பாதி இதைப் பற்றித்தான்.

நான் முன்வைத்த திட்டம் இது: வடக்கே இருக்கும் தலைநகர் சேன் தெனியிலிருந்து மேற்கே கிளம்பி, சேன் போல், சேன் பியேர் வழியாகத் தெற்கே போய், கிழக்குப் பக்கமாகத் திரும்பி வருவது. இங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால், இப்படிப் போனால் கடல் எப்போதும் நம் வலக்கைப் பக்கம் இருக்கும். பாறை விழும் மலைச்சரிவு சாலைக்கு அந்தப் பக்கம். கடைசி நாள் கிழக்கிலிருந்து வீசும் அலிசேக் காற்று முதுகில் தள்ளும். காகிதத்தில் அருமையான திட்டம்.

எல்லாரும் பாட்டி என்று கூப்பிடும் நம் மூத்த உறுப்பினர் அதை ஒரே கேள்வியில் உடைத்தார். "ஏன்டாப்பா, அண்ணாமலையாரை யாராவது இடப்பக்கமாச் சுத்துவாங்களா? இங்கேயும் நடுவுல நெருப்பு மலைதானே இருக்கு?"

கூட்டம் சிரித்தது. ஆனால் சிரித்து முடித்த பிறகு யாரும் பதில் சொல்லவில்லை. திருவண்ணாமலை அக்கினித் தலம். நம் தீவின் தென்கிழக்கில் 2,632 மீட்டர் உயரத்தில் நிற்கும் பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் உண்மையிலேயே நெருப்பு கக்கும் எரிமலை. மலையை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றுவதுதான் வலம். என் திட்டப்படி போனால் மலை இடக்கைப் பக்கம் வரும், அது அப்பிரதட்சிணம். தலைவர் "இது விளையாட்டுப் பயணம், கோயில் காரியம் இல்லை" என்றார். பாட்டி "நான் ஒண்ணும் சொல்லலைப்பா" என்றார். பாட்டி அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும்.

வாக்கெடுப்பு வைக்காமல் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று ஆகஸ்டில் ஏழு பேர் கிளம்பினோம். சேன் தெனியிலிருந்து கிழக்கே சேன் பெனுவா, சுமார் 40 கிலோமீட்டர், சமதளம்தான். ஆனால் கிளம்பியது காலை ஒன்பதரைக்கு. விமான நிலையத்தை ஒட்டிய பாதைக்கு வந்ததும் காற்று சுவர் மாதிரி நின்றது. (அந்த நிலையத்துக்குப் பெயர் கொடுத்த ரோலான் காரோஸ் 1888-ல் சேன் தெனியில் பிறந்த விமானி. டென்னிஸ் ஆட்டக்காரர் என்று நம் பிள்ளைகளே நினைக்கிறார்கள். அவர் மாணவப் பருவத்தில் சைக்கிள் பந்தயம் ஓட்டியவரும்கூட. அன்றைக்கு அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.) சின்ன கியரில் போட்டு மிதித்தும் நடக்கிறவர் வேகம்தான். போக மூன்றரை மணி நேரம் ஆனது. திரும்பி வர இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

"பார்த்தீர்களா, என் திட்டம்தான் சரி" என்று நான் சொன்னேன். அப்போது தமிழ் வகுப்பு எடுக்கும் அக்கா ஒரு விஷயம் சொன்னார். எப்படிச் சுற்றினாலும் ஏதோ ஓர் இடத்தில் எதிர்க்காற்று வாங்கித்தான் ஆக வேண்டும், அதை எங்கே வாங்குவது என்பதுதான் கேள்வி என்றார். என் வழியில் போனால் அது சேன் பியேரிலிருந்து சேன் பிலிப் வரை வரும். பெத்தித் தீல், சேன் ஜோசேப் என்று ஏறி இறங்கும் மேடுகள் இருப்பது அங்கேதான். மேடும் காற்றும் சேர்ந்தால் மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடிதான். வலமாகச் சுற்றினால் எதிர்க்காற்று வடகிழக்குச் சமதளத்தில் வரும், அதுவும் முதல் நாள், கால் சோராமல் இருக்கும்போது. விடியும் முன் கிளம்பினால் காற்று எழுவதற்குள் சேன் தாந்திரேயைத் தாண்டிவிடலாம். தெற்கு மேடுகளில் அதே காற்று முதுகைத் தள்ளும்.

செப்டம்பரில் நான் மட்டும் அதிகாலை நாலே முக்காலுக்குக் கிளம்பிப் பார்த்தேன். அக்கா சொன்னது சரி. ஆக, பாட்டி சொன்னபடி வலமாகவே போகிறோம். காரணம் காற்று என்றுதான் மினிட் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். பாட்டி அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

அக்டோபரில் சேன்ட் ரோஸிலிருந்து சேன் பிலிப் வரை ஓட்டிப் பார்த்ததையும் சொல்ல வேண்டும். 1977-ல் எரிமலைக் குழம்பு வாசல் வரை வந்து, சுற்றிக்கொண்டு போன மாதா கோயிலைத் தாண்டி, புவா பிளாங் சரிவில் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் மழைக்குப் பஞ்சமே இல்லை. கீழே கிரான் புருலே. 2007 ஏப்ரலில் வந்த குழம்பு சாலையை மூடிக்கொண்டு கடலுக்குள் இறங்கிய இடம் அது. புதிதாகப் போட்ட சாலைக்கு இருபுறமும் கயிறு கயிறாக முறுக்கிய கறுப்புப் பாறை, அதன் வெடிப்பில் ஓரிரு பெரணி. மழை பட்டதும் பாறை இரும்புச் சட்டி மாதிரி மின்னியது.

அங்கேதான் பொருளாளருடைய பின் சக்கரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். போக்ஸ் கம்பி ஒன்று உடைந்து, ரிம் கோணிக்கொண்டு, பிரேக் கட்டையில் உரசி நின்றுவிட்டது. அது வாடகைக்கு எடுத்த சைக்கிள். கடையில் "போன வாரம்தான் சர்வீஸ் பண்ணினோம்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். துரு ஏறியிருந்த கம்பியைப் பார்த்தால் எந்த வருடத்துப் போன வாரம் என்று தெரியவில்லை. மழையில் குந்தி உட்கார்ந்து, உடைந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியோடு முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றி, பின் பிரேக்கைக் கழற்றி விட்டு, முன் பிரேக்கை மட்டும் நம்பி சேன் பிலிப் வரை மெதுவாக வந்து சேர்ந்தோம். மேட்டில் பொருளாளர் இறங்கித் தள்ளினார். பள்ளத்திலும் இறங்கித்தான் தள்ளினார்.

இதனால் குழு எடுத்த முடிவு: வாடகை சைக்கிள் வேண்டாம். சொந்தமாக இல்லாதவர்கள் உறவினரிடம் இரவல் வாங்கி, ஏப்ரல் மாதத்துக்குள் கூடத்துக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். கம்பி, செயின், பிரேக் கட்டை, டயர் நான்கையும் பார்த்துத்தான் பெயர் எழுதுவோம். ஆளுக்கு இரண்டு ட்யூப். ஹெல்மெட் 12 வயதுக்குட்பட்டவர்களுக்குத்தான் சட்டப்படி கட்டாயம். நம் பயணத்தில் எல்லாருக்கும் கட்டாயம், தலைவர் உட்பட.

வழி இப்படி. முதல் நாள் சேன் தெனியிலிருந்து சேன்ட் ரோஸ், 50 கிலோமீட்டர் போல. இரண்டாம் நாள் சேன் பியேர் வரை, 75. மூன்றாம் நாள் மேற்குக் கரை, 85. மேற்கே தமரின் நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. அதனால் சேன் லே, சேன் ஜீல் வழியாகப் பழைய கடலோரச் சாலை. அது நமக்கு நல்லதுதான், நிழலும் கடையும் அங்கேதான்.

லா போசெசியோன் ஊரிலிருந்து சேன் தெனி வருவதில்தான் சிக்கல். கடலோரப் பெருஞ்சாலையில் கூட்டமாகப் போக எனக்கு மனமில்லை. மோந்தாஞ் மலைச்சாலை ஏற்றம் கொடியது, 160 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டு வரும் காலுக்குத் தாங்காது. முடிந்தவர்கள் மலைச்சாலையில் வரட்டும். மற்றவர்களின் சைக்கிள்களை வேனில் ஏற்றிவிட்டு, நடுவில் கிராந்த் ஷலூப்பில் இறங்குவோம். 1860-களில் கப்பலில் வந்து இறங்கிய ஒப்பந்தக் கூலிகளைத் தனிமையில் அடைத்து வைத்த லாசரே அங்கே இருக்கிறது. நம்மில் பலருடைய கொள்ளுத்தாத்தாவின் தாத்தா இந்தத் தீவில் முதல் இரவு படுத்தது அந்தச் சுவருக்குள்தான். ஒரு மணி நேரம் அங்கே இருந்துவிட்டுக் கிளம்பலாம்.

சாப்பாடு: முதல் நாள் புளியோதரை. இரண்டாம் நாள் சேன் பிலிப்பில் சோறும் காரியும், அங்கேயுள்ள உறுப்பினர் வீட்டில். வழியில் பொம்போன் பிமான் எங்கும் கிடைக்கும். நம் வடைதான், பெயர் மட்டும் மாறியிருக்கிறது. ஆனால் எண்ணெய்ப் பலகாரம் தின்றுவிட்டு மேடு ஏற வேண்டாம், அனுபவத்தில் சொல்கிறேன்.

இதுவரை 23 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முழுச் சுற்றும் ஓட்டுவதாகச் சொல்பவர்கள் ஒன்பது பேர், மற்றவர்கள் ஒரு நாளோ அரை நாளோ. நகராட்சிகளுக்குக் கடிதம் அனுப்பியாயிற்று. மூன்று இடத்திலிருந்து பதில் வந்திருக்கிறது, ஓரிடத்தில் கடிதம் கிடைக்கவே இல்லை என்கிறார்கள், மறுபடி அனுப்புகிறேன். காப்பீட்டுக்கும் வேனுக்கும் ஆளுக்கு 35 யூரோ, மார்ச் முடிவதற்குள் பொருளாளரிடம் கொடுத்துவிடவும்.

மே 23 அதிகாலை நாலரை மணிக்குச் சேன் தெனி கடலோரத்தில் உள்ள பராஷுவாவில் கூட வேண்டும், ஐந்துக்குக் கிளம்புகிறோம். பாட்டி தேங்காய் உடைக்க வருகிறார். உடைத்துவிட்டு வேனில் முன் சீட்டில் உட்காரப் போவதாகவும், மூன்று நாளும் இறங்க மாட்டேன் என்றும் இப்போதே சொல்லிவிட்டார்.

இவண்,
செயலாளர்