கதையைச் சொல்லிவிடாதே மச்சான்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி, மகளின் கம்பஸ், அங்கே குளிர் தொடங்கிவிட்டது எல்லாம் வாசித்தேன், ஆனால் உண்மையைச் சொன்னால் கண் நின்றது கடைசிப் பந்தியில்தான். செப்டெம்பரில் ரொறன்ரோ திரைப்பட விழாவில் ஈரான் இயக்குநர் பனாஹியின் படம் பார்த்தேன் என்று சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வந்தமாதிரி ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறாய். வயிறு எரிகிறது.

இங்கே ஐப்பசி மழை. ஒழுங்கை முழுக்க வெள்ளம். அம்மா சுகம். தியேட்டர்களில் வழக்கம்போலச் சென்னைப் படங்கள்தான், அதில் எனக்குக் கோபமில்லை, நானும் போய் விசிலடிக்கிறவன்தான். ஆனால் 2025 மே மாதம் கான் திரைப்பட விழாவில் பனாஹியின் அந்த 'இட் வாஸ் ஜஸ்ட் அன் அக்சிடென்ட்' முதல் பரிசான தங்கப்பனையை வாங்கிய நாளிலிருந்து ஒரு விசர் பிடித்துத் திரிகிறேன். 2010இல் அந்த மனிசனுக்கு இருபது வருடம் படம் எடுக்கத் தடை போட்டார்கள், 2022இல் திரும்பப் பிடித்து உள்ளே போட்டார்கள், வெளியே வந்து அனுமதியே கேட்காமல் இதை எடுத்திருக்கிறார். சிறையில் கண்ணைக் கட்டி விசாரிக்கப்பட்ட ஒருத்தன், விசாரித்தவனின் பொய்க்கால் சத்தத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறான், கனகாலத்துக்குப் பிறகு ஒருநாள் அதே சத்தம் காதில் விழுகிறது. இவ்வளவுதான் தெரியும். இதற்குமேல் தெரிய விருப்பமில்லை.

ஆனால் நினைத்துப் பார் மச்சான், எங்களுக்கும் நடந்தது அதுதானே, கொஞ்சம் மாறி. எங்களுக்குக் கண்ணைக் கட்டவில்லை, பார்க்க வேண்டிய முகம்தான் சாக்குக்குள் இருந்தது. ஆமி சுற்றிவளைப்பில் மைதானத்தில் வரிசையாய் விட்டு, சாக்கு மூடி ஆளைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டிக்கு முன்னால் ஒவ்வொருத்தராய் நடக்கவைத்தார்களே, இரண்டு ஓட்டைக்குள் இரண்டு கண். வாய் திறக்கவில்லை. நீ போகும்போது மட்டும் அவன் இருமினான். அதற்குப் பிறகு நீ வெளிநாடு போகும்வரை, கடையிலோ பஸ்ஸிலோ யாராவது இருமினால் திரும்பிப் பார்ப்பாய், நான் பகிடி பண்ணுவேன். இப்போது அந்தப் பகிடியை நினைக்க வெட்கமாய் இருக்கிறது.

என்னுடைய பட்டியலைப் பார்த்தால் இந்த வருடம் எல்லாமே காதால் பார்க்கவேண்டிய படங்களாய் வந்து நிற்கின்றன. ஒலிவர் லாஷேயின் 'சிராட்', மொரோக்கோ பாலைவனத்தில் பெட்டி பெட்டியாய் ஸ்பீக்கர் அடுக்கி ஆடுகிற கூட்டத்துக்குள் மகளைத் தேடிப் போகிற ஒரு தகப்பன். அப்புறம் வெனிஸில் பெரிய நடுவர் பரிசு வாங்கிய 'தி வொய்ஸ் ஒஃப் ஹிந்த் ரஜப்'. காஸாவில் காருக்குள் அகப்பட்டுத் தொலைபேசியில் உதவி கேட்ட அந்தப் பிள்ளையின் உண்மையான குரலையே கவுதர் பென் ஹனியா வைத்திருக்கிறாராம். அதைப் பார்ப்பேனா தெரியாது. பார்க்கவேண்டும் என்று மட்டும் தெரியும். நோலனின் ஒடிசி 2026 ஜூலை 17, முழுக்க ஐமேக்ஸ் கமராவில் எடுத்தது, சரி, அதை நீயே பார், எனக்கு இங்கே எங்கே அந்தத் திரை.

இதையெல்லாம் கைப்பேசியில் இயர்போன் போட்டுப் பார்க்க மனம் வரவில்லை. 'தீபன்' நினைவிருக்கிறதா, 2015, அதுவும் தங்கப்பனை, அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி நடித்தது. பண்ணைப் பாலத்தால் போனால் எட்டிப்பிடிக்கிற தூரத்துக்காரரின் படத்தை நான் பென்டிரைவில், அரைகுறைச் சப்டைட்டிலோடு பார்த்தேன். அதே வருடம்தான் யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கினார்கள், அதற்குப் பிறகு செப்டெம்பர் வந்தாலே ஊரில் இருட்டான மண்டபம் எங்கே என்று தேடுகிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. சனம் குறைவாயிருந்தாலும் பரவாயில்லை, நாலு பேர் சேர்ந்து மூச்சுவிடாமல் இருக்கிற சத்தம் வீட்டில் வராது.

நாங்கள் சத்தத்துக்கு ஏங்கி வளர்ந்தவர்கள் இல்லையா. கரண்ட் இல்லாத காலத்தில் உங்கள் வீட்டு முற்றத்தில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, சூப்பிப் போத்தலால் இரண்டு சொட்டுப் பெட்ரோல் விட்டு ஜெனரேட்டரைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் விடிய விடிய மூன்று படம். ஜெனரேட்டரைக் கிணற்றடியில் கிடங்கு வெட்டி வைத்தும் வசனம் ஒன்றும் விளங்காது. நீதான் எல்லாருக்கும் சொந்தமாய் வசனம் சொல்லுவாய். பிறகு அந்தப் படங்களை ஒழுங்காய்ப் பார்த்தபோது உன் வசனம்தான் நல்லாயிருந்தது.

ஆனபடியால் இந்தப் படத்துக்கு மட்டும் வசனம் சொல்லாதே. முடிவு என்ன, அவன் அவன்தானா, ஒன்றும் வேண்டாம். அந்தக் கால் சத்தம் எப்படி இருந்தது என்று மட்டும் எழுது.

இல்லை, அதையும் எழுதாதே. தையில் வருகிறாய்தானே, அதற்குள் எப்படியாவது பார்த்துவிடுவேன், பேந்து முற்றத்தில் இருந்து கதைப்போம்.

உன்
பழைய சைக்கிள் பார் பயணி