பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளிகளில் மனநலத்துக்கும் உடல்நலத்துக்கும் தனிப் பாடம் வேண்டும் என்ற கட்டுரையைப் படித்தேன். நோக்கம் சரிதான். ஆனால் பாடம் என்றதும் எனக்குப் பகீர் என்றது. பாடம் வந்தால் புத்தகம் வரும், பின்னாலேயே நோட்ஸ் வரும், அப்புறம் 'கோபத்தை அடக்கும் வழிகள் ஐந்தினை எழுதுக' என்று ஐந்து மார்க் கேள்வியும் வந்துவிடும்.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். என்றால் என்ன என்று கேட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். பாக்கெட்டையும் தண்ணீரையும் கையில் கொடுத்தால்தான் வண்டவாளம் தெரியும். முழுப் பொடியையும் ஒரு டம்ளரில் கொட்டுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் போட்டுவிட்டு மீதியை மடித்து வைப்பவர்களும் உண்டு. 21 கிராம் பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் மொத்தமாகக் கரைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். உப்பு கூடிப்போனால் கைக்குழந்தைக்கு ஆபத்து. மூக்கில் ரத்தம் வந்தாலும் இதே கதைதான். தலையை அண்ணாத்தச் சொல்கிறோம், அது தவறு. உட்கார்ந்து, முன்பக்கம் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடித்திருக்க வேண்டும். தீக்காயத்துக்குப் பேஸ்டும் வேண்டாம், இட்லி மாவும் வேண்டாம். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டினால் போதும், பெரிய காயமென்றால் அப்புறம் ஆஸ்பத்திரி. இதற்கெல்லாம் புத்தகம் எதற்கு? மைதானத்து ஓரக் குழாயடி போதாதா?

மனசு விஷயத்தையும் கண்ணை மூடி உட்கார வைத்துச் சாதித்துவிட முடியாது. பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தியானம் போன்ற மனக்கவனப் பயிற்சி கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2022-இல் வெளியானது. வழக்கமான வகுப்புகளைவிட அதனால் கூடுதல் பலன் இல்லை என்றுதான் அதில் தெரிந்தது. தியானம் கெட்டதென்று சொல்லவில்லை, அது மட்டுமே போதாது என்கிறேன். பிள்ளைகளுக்குத் தேவை வேறு. கணக்குத் தேர்வன்று வயிறு வலிக்கிறது என்று வருகிற பையன், 'பயமா இருக்கு சார்' என்று சொல்லிப் பழக வேண்டும். கூடப் படிப்பவள் 'செத்துடலாம் போல இருக்குடி' என்றால் சிரித்து மழுப்பாமல், ரகசியமாகவும் வைத்துக்கொள்ளாமல், அவளைத் தனியே விடாமல், உடனே நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்ல வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416 அடையாள அட்டையின் பின்பக்கத்தில் இருக்கட்டும்.

திட்டம் இல்லாமல் இல்லை. ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டம் 2020-இலேயே வந்துவிட்டது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், 11 தலைப்புகள். மனநலமும் அதில் ஒன்று. நான் பார்த்த பள்ளிகளில் ஆசிரியர்கள் பயிற்சிக்குப் போய் வந்தார்கள், பதிவேடும் ஒழுங்காக நிரம்பியது. நடத்தத்தான் நேரமில்லை. இருந்த பி.டி. பீரியடையும் பத்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார், நாங்களும் விட்டுக்கொடுப்போம். அந்தப் பீரியடை யாரும் கைவைக்க முடியாதபடி திருப்பிக் கொடுத்தால் போதும்; வாரத்தில் ஒன்றை இதற்கு ஒதுக்கலாம். மார்க் மட்டும் போடாதீர்கள். நடத்துகிறவர் பிரம்பெடுக்காதவராக இருப்பது முக்கியம். அடிக்கு அஞ்சுகிற பிள்ளை அவரிடம் எதைச் சொல்லும்?

இன்னொன்று. பெரும்பாலும் ரிசல்ட் வரும் நேரத்தில்தான் ஆலோசனை மையங்களைப் பற்றிப் பேசுகிறோம். பொதுத்தேர்வின் கடைசி நாளிலேயே, துணைத்தேர்வு எப்போது, விண்ணப்பம் எங்கே, அந்த ஆண்டே மேற்கொண்டு சேர முடியுமா என்பதைத் தேறுகிறவர், தேறாதவர் எல்லாருக்கும் ஒரு தாளில் அடித்துக் கொடுத்து அனுப்பலாம். பெற்றோரின் கையெழுத்தையும் அதில் வாங்கிவிடுங்கள். அப்பாக்களும் ஒருமுறை படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்.