கேஸைப் பிரிப்பது இருக்கட்டும், பிடிப்பது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய ஏ.சி.களின் கேஸைப் பிரித்து மறுபடி பயன்படுத்தும் ஆய்வு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இதே தொழிலில் இருப்பவன் என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் ஏ.சி.யில் ஏற்றும் ஆர்-410ஏ என்ற குளிரூட்டும் கேஸ் ஒரே பொருள் அல்ல. ஆர்-32, ஆர்-125 இரண்டும் எடையில் சரிபாதியாகக் கலந்தது. ஆர்-32 இலேசாகத் தீப்பற்றும் என்பதால் அதை அடக்க ஆர்-125ஐச் சேர்த்தார்கள். வினையே அதில்தான். கரியமில வாயுவைவிட ஆர்-32 பூமியை 675 மடங்கு சூடேற்றும். ஆர்-125 3,500 மடங்கு. ஆர்-32ஐ மட்டும் மறுபடி பயன்படுத்த, காய்ச்சி வடித்துப் பிரிக்கலாமென்றால், இரண்டின் கொதிநிலைக்கும் நடுவே நான்கு டிகிரிகூட இல்லை, சேர்ந்தே ஆவியாகிவிடும்.

அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் மார்க் ஷிஃப்லெட் குழுவினர் இதற்கு அயனித் திரவத்தைப் பயன்படுத்துகிறார்கள். அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் உப்பு அது. ஏற்ற உப்பாகப் பார்த்து எடுத்தால், ஆர்-32 அதில் நன்றாகக் கரையும். ஆர்-125 அவ்வளவாகக் கரையாமல் விலகிவிடும். பிறகு சூடாக்கி ஆர்-32ஐ மீட்கலாம். உப்பு ஆவியாவதில்லை என்றே சொல்லலாம். அதனால் கேஸில் கலக்காது, திரும்பத் திரும்ப உதவும். அருமையான வேலை, மறுக்கவில்லை.

ஆனால் பிரிப்பதற்குக் கேஸ் வந்து சேர வேண்டாமா? பழைய இரும்புக் கடையில் அவுட்டோர் யூனிட்டின் செம்புக் குழாயை நறுக்கியதும் கேஸ் சீறிக்கொண்டு வெளியேறும், ஆயில் தெறிக்கும். அவ்வளவுதான். செம்புக்கும் கம்ப்ரசருக்கும் காசு, கேஸுக்கு ஏது? ஒரு கிலோ ஆர்-410ஏ போனால் இரண்டு டன் கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். அதைப் பிடிக்க ரெக்கவரி மெஷின் வேண்டும், தனிச் சிலிண்டர் வேண்டும், நேரமும் வேண்டும். அந்தக் கூலியை எந்த வாடிக்கையாளர் தருவார்? அப்படியே பிடித்தாலும், ஆர்-22 என்ற பழைய கேஸ் முதல் எல்லாவற்றையும் ஒரே சிலிண்டரில் அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. பிரிப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

பூமியைச் சூடேற்றும் கேஸ்களைக் குறைக்க உலக நாடுகள் ஒப்புக்கொண்ட கிகாலி திருத்தத்தின்படி 2032 முதல் இந்தியா இவ்வகைக் கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். 2047க்குள் 85 சதவீதம். புது கேஸ் குறையக் குறையப் பழையதற்கு மதிப்பு வரும் என்கிறார்கள். அதுவரை காத்திருந்தால் பாதி காற்றில் போயிருக்கும். விற்கிற நிறுவனமே பழைய கேஸைக் கிலோவுக்கு இவ்வளவு என்று விலை கொடுத்துத் திரும்ப வாங்க அரசு விதி செய்யட்டும். தங்கள் நிருபர் அந்த நிறுவனங்களிடம், என்ன விலை தருவீர்கள் என்று கேட்டு எழுதினால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

– ஏ.சி. மெக்கானிக் ஒருவர், ஈரோடு