ஆண்டு விழாவுக்குப் பாட்டு எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மழலையர், தொடக்கப் பள்ளிகளின் தாளாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும், ஆண்டு விழாப் பொறுப்பைத் தலையில் ஏற்றுக்கொள்ளும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் லீவு முடிந்ததும் ஒத்திகை ஆரம்பித்துவிடும். எந்த வகுப்புக்கு எந்தப் பாட்டு என்று வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓடும். அந்தப் பட்டியல் முடிவாவதற்குள் இதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் வீட்டில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுப்பவள். என்னிடம் வருகிறவர்கள் உங்கள் பள்ளிப் பிள்ளைகள்தான். விழாவுக்குக் கூப்பிடுவார்கள், நானும் போவேன்.

கேட்க வந்தது இதுதான்: நிகழ்ச்சி நிரலில் ஒரு பாட்டையாவது பிள்ளைகள் தங்கள் வாயால் பாடட்டும்.

இப்போது நடப்பது உங்களுக்கே தெரியும். மேடையில் யூ.கே.ஜி. பிள்ளைகள். வாடகைக்கு எடுத்த சம்கி உடை கழுத்தில் குத்துகிறது. ஸ்பீக்கரில் அந்த வருஷத்து ஹிட் பாட்டு. மேடைக்குக் கீழே, போட்டோகிராபரின் காலடியில், மிஸ் குனிந்தபடி எல்லா ஸ்டெப்பையும் போட்டுக்கொண்டிருக்கிறார். மேலே இருக்கும் கண்கள் எல்லாம் அவர் மேல். முன்வரிசையில் ஒரு பிள்ளை ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மறு கையால் ஸ்டெப் போடுகிறது. உண்மையைச் சொன்னால், அந்தப் பாட்டை ரசித்து ஆடுபவர் மிஸ் ஒருவர்தான்.

திரைப்பாட்டே கூடாது என்று சொல்ல வரவில்லை. குத்துப்பாட்டைக் கேட்டால் எனக்கும் கால் நிற்காது. அதில் ஓடுகிற ‘தகிட தகிட’ என்று மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடை கும்மியிலும் ஓடுவதுதான். பிள்ளைகள் குதிப்பதற்கென்றே பிறந்த தாளம். பாட்டு வரிகளைப் பற்றி, ஐந்து வயதுப் பிள்ளை சரக்கையும் காதல் தோல்வியையும் ஏன் அபிநயம் பிடிக்க வேண்டும் என்பது பற்றி, நிறையப் பேர் பேசியாகிவிட்டது. நான் சொல்ல நினைப்பது சுருதியைப் பற்றி, அதாவது பாட்டை எந்த உயரத்தில் எடுக்கிறோம் என்பதைப் பற்றி.

சின்னப் பிள்ளைகளின் தொண்டை ஆறேழு சுவரங்களுக்குள்தான் சௌகரியமாக நடமாடும். சினிமாப் பாட்டோ வளர்ந்தவர்கள் பாடியது. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம்; ஆண் பாடகர் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் எடுத்துப் பல்லவியில் அடக்கமாக ஆரம்பித்து, சரணத்தில் உச்சிக்குப் போய்விடுவார். அதே ட்ராக்கைப் போட்டுவிட்டுப் பிள்ளையைப் பாடச் சொன்னால், கீழே பிடித்தால் முனகல், மேலே பிடித்தால் கத்தல். இரண்டும் வராதபோது வாயை மூடிக்கொள்கிறது. “எங்க பிள்ளைக்குப் பாட்டு வராது” என்று பெற்றோர் என்னிடம் சொல்லும்போது பாதிக் கதை இதுதான். பாட்டு வருகிறது, கட்டைதான் பொருந்தவில்லை. சுருதியைத் தூக்கி வைத்து, எல்லை குறுகிய மெட்டாக ஒன்றைக் கொடுத்தால் அதே பிள்ளை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பாடிக்கொண்டு போகும்.

அப்படிப்பட்ட மெட்டுக்கு எங்கே போவது? கும்மி இருக்கிறது. வட்டமாக நின்று கைதட்டினால் தாளம் வந்துவிட்டது. ஸ்பீக்கர் வேண்டாம், ட்ராக் வேண்டாம், கரண்ட் போனாலும் பாட்டு நிற்காது. கூட்டத்தில் பாடுவதால் கூச்சப்படுகிற பிள்ளையும் மெல்லச் சேர்ந்துகொள்ளும்.

பலருக்கும் நினைவுக்கு வராத இன்னொன்று, கர்நாடக சங்கீத மேதை முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பேண்ட் வாசிப்பில் காதில் விழுந்த மேற்கத்திய மெட்டுகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் சமஸ்கிருத வரிகளை உட்கார வைத்தார். கிட்டத்தட்ட 40 இருக்கின்றன. எல்லாம் சங்கராபரண ராகத்தின் சுவரங்கள்; கமகம் கிடையாது, வளைவு நெளிவு கிடையாது, துள்ளல் மட்டும் உண்டு. ‘சியாமளே மீனாட்சி’யை எடுத்துப் பாருங்கள். உங்கள் எல்.கே.ஜி. பிள்ளைகள் இங்கிலீஷில் பாடும் நட்சத்திர ரைமின் மெட்டு அப்படியே அதில் இருக்கும். சாமி பாட்டு எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் ஒத்துவருமா என்று யோசித்தால், வரிகளை விட்டுவிட்டு ச ரி க ம என்றே பாட வையுங்கள். பரேடுக்கு வாங்கிப் பூட்டி வைத்திருக்கும் டிரம்முக்கும் அன்று ஒரு வேலை கிடைக்கும். பேண்டிலிருந்து வந்த மெட்டு பேண்டோடு போய்ச் சேருவதில் தப்பில்லை.

“எங்கள் பள்ளியில் பாட்டு டீச்சரே இல்லையே” என்பீர்கள். பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் இல்லை என்பது தெரியும். ஆனால் சேர்ந்து பாடுவதற்குச் சங்கீத ஞானம் பெரிதாகத் தேவைப்படாது. 1988-ல் காலமான இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன், மெட்ராஸ் யூத் குவயரை உருவாக்கியவர், பயிற்சியில்லாத குரல்களைக் கூட்டமாகச் சேர்த்துப் பாரதி பாட்டைப் பாட வைத்தவர். தனியாகப் பாடினால் யாரும் திரும்பிப் பார்க்காத குரலுக்கும் அந்தக் கூட்டத்தில் ஓர் இடம் இருந்தது. உங்கள் பள்ளியில் நல்ல குரல் உள்ள ஆயாம்மா இருப்பார், வேன் டிரைவர் இருப்பார். சொல்லித்தர அவர்கள் போதும்.

பெற்றோர் ஹிட் பாட்டைத்தான் கேட்கிறார்கள் என்பதும் ஓரளவுக்குத்தான் சரி. ஸ்பீக்கர் பாடும்போது அவர்கள் போனைத் தூக்கி வீடியோ எடுக்கிறார்கள். தன் பிள்ளையின் குரல் அதில் கேட்கிறது என்றால் அதைத்தான் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்புவார்கள்.

மேடை ஏற்பாட்டில் ஒன்றைக் கவனித்தால் போதும். கார்ட்லெஸ் மைக்கை ஒரு பிள்ளையின் கையில் கொடுத்துவிட வேண்டாம். அது ஒன்றின் குரல் மட்டும் கேட்கும், மற்றவர்கள் பொம்மையாகிவிடுவார்கள். முன்னால் இரண்டு மைக்கை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். போனில் ஒரு சுருதிப்பெட்டி ஆப்பை நாலரைக் கட்டையில் வையுங்கள், பிள்ளைகள் எட்டவில்லையென்றால் அரைக் கட்டை இறக்குங்கள். ஒத்திகைக்குத் தினமும் பத்து நிமிஷம், அதுவும் பிரேயர் முடிந்த கையோடு. மிஸ் கீழே குனிந்து நிற்காமல் பிள்ளைகளோடு மேடையிலேயே நின்று பாடட்டும்.

பாட்டு எடுப்பதில் குழப்பம் வந்தால் உங்கள் தெருவில் என்னைப் போல யாராவது ஒருவர் ஆர்மோனியத்தோடு இருப்பார். கூப்பிடுங்கள், வருவார்கள். பட்டியலை மட்டும் பிப்ரவரி வரை இழுக்காதீர்கள், பிள்ளைகளுக்குப் பழகிக்கொள்ள நேரம் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பாட்டு டீச்சர்