ஞாயிறு கூட்டம்: உயிர்காப்பு சிகிச்சை குறித்த முன்விருப்ப ஆவணம்
எல்லாருக்கும் வணக்கம். தன்னால் சொல்ல முடியாத நிலை வந்தால் எந்த உயிர்காப்பு சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் முன்விருப்ப ஆவணம். அதைப் பற்றிப் பேச ஞாயிறு காலை 10 மணிக்குக் கூடுகிறோம், செவிலியர்கள் கட்டாயம் வாங்க, ஏனென்றால் "அப்பாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்று மகன் வார்டு வாசலில் கெஞ்சும்போது முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான், நோயே தெரியாதவர் தன் விருப்பத்தை எப்படி எழுதிவைப்பார்? இந்த ஆவணத்துக்கு உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பில் மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் கேட்டிருந்தார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தளர்த்திவிட்டது, இப்போது இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றொப்பமும் போதும். இது மருத்துவர்கள் பலருக்கே தெரியவில்லை, எனக்கு அதுதான் பெரிய வருத்தம். அப்புறம் மார்ஃபின் என்கிற கடும் வலிக்கான மருந்து: 2014 போதைப்பொருள் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் வாங்கி வைக்கலாம், புற்றுநோய் வலியில் துடிப்பவரை வெறும் பாரசிட்டமாலோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மருந்தாளுநர்களையும் அழைத்து வாருங்கள். நீங்கள் தடுமாறிய கேஸ் ஏதும் இருந்தால், பெயர் ஊர் இல்லாமல், சனிக்கிழமைக்குள் இங்கே போடுங்கள்.